"யாரு படம்?"
(கம்பத்தில் நூலக வார விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



நூலக வார விழாவில் பேச வருகிறவன் சங்கச் செய்யுளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் நெடுநாளைய சம்பிரதாயம். அதை விட்டுவிட்டு, சினிமாவில் வருகிற மகாவீரர்களைப் பற்றியும், அவர்கள் எந்தக் கம்பெனிக்குப் பாத்தியம் என்கிற விவகாரத்தைப் பற்றியும், அந்த விவகாரத்தின் நடுவே ஒரு படத்தின் வசூலை முன்கூட்டியே கணித்துவிட முடியுமா என்பதைப் பற்றியும் பேச நான் ஒப்புக்கொண்டேன் என்றால், அதற்கு இங்கே நாற்காலி போதாமல் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் கல்லூரி இளைஞர்களே காரணம். சூப்பர் ஹீரோ என்று நீங்கள் அழைக்கிறீர்களே, அந்த ஆசாமிக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்து மல்லுக்கு நிற்கும்போது, "அவன் படம் ஓடுமா ஓடாதா என்று எதை வைத்து ஐயா சொல்வது?" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். கேள்வி விளையாட்டாக இருந்தாலும் விஷயம் விளையாட்டல்ல என்று எனக்குத் தோன்றியது.

நான் ஜோசியன் அல்லன். ஆனால் ஆசிரியத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் சில வருஷ காலம், மதுரையில் ஒரு விநியோகஸ்தரிடம் 'ரெப்' வேலை பார்த்தவன். படச்சுருள் அடங்கிய தகரப் பெட்டியோடு பஸ் ஏறி, அது ஓடுகிற கொட்டகையிலேயே படுத்துறங்கி, காட்சிக்கு எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று அடிக்கட்டையைப் புரட்டி எண்ணி, டி.சி.ஆர். என்று சொல்லப்பட்ட தினசரி வசூல் தாளில் கொட்டகைக்காரரின் கையெழுத்தை வாங்கி, கம்பெனியின் பங்கை ஒரு காசு குறையாமல் ஊருக்கு அனுப்புகிறவனுக்குத்தான் ரெப் என்று பெயர். படம் பார்க்க வருகிறவன் திரையைப் பார்ப்பான். ரெப் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜனங்களைப் பார்ப்பான். அந்த அனுபவம் ஒன்றுதான் இந்த மேடையில் நிற்பதற்கு எனக்குள்ள யோக்கியதை.

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாடு மாவட்டங்களாகப் பிரிவதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டு ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி தஞ்சை, திருநெல்வேலி கன்னியாகுமரி, மதுரை ராமநாதபுரம் என்று ஏரியாக்களாகத்தான் அது பிரியும். 1996-இல் தேனி தனி மாவட்டமாகிவிட்ட பிறகும், படக்காரர்களுடைய கணக்குப் புத்தகத்தில் நாம் இன்னும் 'எம்.ஆர்.' ஏரியா, அதாவது மதுரை ராமநாதபுரம்தான். அந்த ஏரியாவின் உரிமையை ஒருவர் 'எம்.ஜி.'யில், அதாவது குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்து வாங்குவார். அல்லது 'அவுட்ரேட்'டாக மொத்த விலைக்கு வாங்கிவிடுவார். அல்லது கமிஷனுக்கு எடுத்து ஓட்டுவார். முதல் இரண்டு வழிகளிலும், பெரும்பாலும் படத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பணத்தைக் கட்டியாக வேண்டும். ஆகவே வசூலைக் கணிப்பது என்பது பத்திரிகைக்காரரின் பொழுதுபோக்கன்று. ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கிலே கொட்டகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெரியவர் ஒருவர் இருந்தார். புதுப் படத்துக்கு விலை பேச நான் போய் நின்றால், கதை என்ன, பாட்டு எப்படி என்றெல்லாம் அவர் கேட்டதில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப்போட்டுக்கொண்டே, "தம்பி, பெரியாத்துல இன்னிக்கி எத்தன அடி நிக்கிது?" என்பார். சொன்னால், "போடியில ஏலக்கா என்ன வெலைக்குப் போகுது?" என்பார். அதற்கும் பதில் வந்தபின், "மலைக்குப் போற சனத்துக்குக் கூலி போட்டாச்சாமா?" என்று விசாரிப்பார். இந்த மூன்றும் முடிந்து, வெற்றிலையும் வாய்க்குள் போன பிறகுதான், "சரி, இப்பச் சொல்லு. யாரு படம்?" என்று கேட்பார். முதல்போகம் அறுவடையாகி நெல் விலைக்குப் போயிருந்தால் ஒரு கணக்கு. கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களின் கையில் வாரக்கூலி வந்திருந்தால் ஒரு கணக்கு. மழை பொய்த்து அணை வற்றிக் கிடந்தால், எவ்வளவு பெரிய நடிகராயிருந்தாலும் அவருக்கு வேறொரு கணக்கு. அவருடைய கணிப்பு தவறி நான் பார்த்தது மிகவும் அபூர்வம்.

அவருடைய கடைசிக் கேள்வியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். "யாரு படம்?" என்று நம் ஊரில் கேட்டால், அதில் நடித்தவர் யார் என்றுதான் அர்த்தம். அதே இரண்டு சொற்களை நீதிமன்றத்தில் கேட்டால், உரிமை யாருடையது என்று அர்த்தமாகிவிடுகிறது. ஒரே கேள்விக்கு ஜனங்கள் ஒரு பதிலும் சட்டம் ஒரு பதிலும் சொல்கின்றன. இந்த இரண்டு பதில்களும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

மகாவீரன் என்பவன் நமக்குப் புதியவன் அல்லன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய காலத்தில், மின்சாரம் பாய்ந்ததும் உடம்பெல்லாம் மறைந்து இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் மிதக்கிற மாயாவியின் சாகசத்தை, வகுப்பில் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த பிள்ளைகள் அநேகம் பேர். அந்த மாயாவி பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் பிறந்தவன் என்பதும், அவனுக்கு உரிமைக்காரர் கடல் கடந்து இருந்தார் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் லட்சியம் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் வரையில் அவன் சிவகாசிக்காரன்.

இப்போது சிலந்தி மனிதனுக்கு வருவோம். ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ என்ற இருவர் 1962-இல் மார்வெல் காமிக்ஸ் கம்பெனிக்காக உண்டாக்கிய ஸ்பைடர்மேன், பெரிய ஹாலிவுட் படமாகத் திரைக்கு வருவதற்கு நாற்பது வருஷம் காத்திருந்தான். 1985-இல் கேனன் என்ற கம்பெனி அவனுடைய பட உரிமையை வாங்கிற்று. அது நொடித்துப்போக, உரிமை கரோல்கோவுக்குக் கைமாறிற்று. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் கதை எழுதிக் கொடுத்தும் படம் எழும்பவில்லை. தொலைக்காட்சி உரிமை ஒருவரிடம், வீடியோ உரிமை இன்னொருவரிடம் என்று பாகப்பிரிவினை நடந்து, ஒருவர் மேல் ஒருவர் தொடுத்த வழக்குகள் குவிந்து கிடக்கையில், கரோல்கோ 1995-இலும், மார்வெலே 1996-இலும் திவாலாயின. கடைசியில் 1999-இல், ஜேம்ஸ் பாண்ட் மீது தான் கொண்டாடிய உரிமையைச் சோனி கம்பெனி விட்டுக்கொடுக்க, சிலந்தி மனிதன் மீது தான் கொண்டாடிய உரிமையை எம்.ஜி.எம். கம்பெனி விட்டுக்கொடுக்க, விவகாரம் ஒருவாறு தீர்ந்தது. பங்காளிகள் ஆளுக்கொரு வயலை மாற்றிக்கொண்டு வரப்புச் சண்டையை முடித்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

இங்கே கணிப்பைப் பற்றிய முதல் பாடம் இருக்கிறது. கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த மார்வெல், தன் மகாவீரர்களில் பெரும்பாலோரை இரண்டரைக் கோடி டாலருக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளும்படி சோனியிடம் சொன்னதாகவும், மற்றவர்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணிய சோனிக்காரர்கள் சிலந்தி மனிதன் ஒருவனை மட்டும் ஒரு கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டதாகவும், பென் ஃபிரிட்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஒருவனைப் பற்றிய கணிப்பு பலித்தது: 2002 மே மாதத்தில் வெளியான படம், முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் என்ற பெயரைப் பெற்றது. மற்றவர்களைப் பற்றிய கணிப்புத்தான் கவிழ்ந்தது. அவர்களில் ஒருவனாகிய அயர்ன்மேன் 2008-இல் உலகெங்கும் சுமார் 58 கோடி டாலர் வசூலித்தான். அடுத்த வருஷமே டிஸ்னி மார்வெலைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

இதைக் கேட்டு அமெரிக்கக்காரர்களைப் பரிகசிக்க வேண்டாம். நம் அல்லிநகரத்து பாரதிராஜா 1977-இல் '16 வயதினிலே' எடுத்துக் காட்டியபோது, கோவணம் கட்டிய சப்பாணியைக் கதாநாயகன் என்று ஒப்புக்கொள்ள விநியோகஸ்தர்களுக்குத் துணிச்சல் வரவில்லை, தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு அது ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு எந்த வழக்கும் இல்லை. உரிமையில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனாலும் கணிப்பு தவறிற்று. வியாபாரி நேற்று ஓடியதை வைத்து நாளையை அளப்பவன். ஜனங்களோ நேற்றுப் பார்த்திராததை நாளைக்குக் கேட்பவர்கள்.

அப்படியானால் உரிமை வழக்கு வசூலை என்னதான் செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள நாம் ஹாலிவுட்டுக்குப் போக வேண்டியதில்லை; லோயர் கேம்ப் வரையில் போனால் போதும். 1886 அக்டோபர் 29-ஆம் தேதி பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டு, பென்னிகுக் துரை அணையைக் கட்டி முடித்து, 1895-இல் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் விழுந்தது. அந்த அணையைப் பற்றிய விவகாரமும் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 152 அடி நின்ற நீர் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியும், 2014-இல் அதை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. வழக்கு டில்லியில் நடந்துகொண்டிருக்க, இங்கே 14,707 ஏக்கரில் நாற்றுப் பாவுகிற சம்சாரி என்ன செய்கிறான்? தீர்ப்புக்காகக் காத்திராமல், காலையில் அணையில் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறான். அணை விவகாரம் ஒருநாளும் மழையைக் குறைத்ததில்லை. தேக்கி வைக்கிற அளவைத்தான் குறைத்தது.

படத்துக்கும் இதே நியாயம்தான். ஒரு வீரன்மீது ஜனங்கள் வைத்திருக்கும் பிரியம் மழை. அதை எந்தக் கோர்ட்டும் தடுக்க முடியாது. அதை எந்த நாளில், எந்தக் கரைக்குள், எவ்வளவு தேக்கலாம் என்பதைத்தான் வழக்கு நிர்ணயம் செய்கிறது. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், அது மூன்று இடங்களில் கை வைக்கிறது.

முதலாவது, நாள். 'வாட்ச்மென்' என்ற படத்தை வார்னர் கம்பெனி எடுத்து முடிக்கும் தறுவாயில், உரிமை எங்களுடையது என்று ஃபாக்ஸ் கம்பெனி 2008-இல் வழக்குப் போட்டது; கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஃபாக்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது; ஜனவரியில் சமரசமாகி, மார்ச்சில் சொன்ன தேதியில் படம் வெளியாயிற்று. வழக்கைப் பற்றி உலகமே பேசியும், படம் தன் யோக்கியதைக்கு உரிய அளவாகச் சுமார் 18 கோடி டாலரோடு நின்றுகொண்டது. நம் பக்கத்திலும் 2019-இல், பி.எஸ். மித்ரன் இயக்கிச் சிவகார்த்திகேயன் நடித்த 'ஹீரோ' என்ற படத்துக்குப் பணப் பாக்கி விஷயமாக உயர் நீதிமன்றத் தடை ஒருபக்கம். கதை தன்னுடையது என்று உதவி இயக்குநர் ஒருவர் எழுத்தாளர் சங்கத்தில் கொடுத்த புகாரும், ஒற்றுமை இருக்கிறது என்று சங்கத் தலைவர் கே. பாக்யராஜ் சொன்ன அபிப்பிராயமும் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் தாண்டி டிசம்பர் 20-இல் அது திரைக்கு வந்துவிட்டது. வழக்கு அதைப் புதைக்கவும் இல்லை. வழக்கால் வந்த விளம்பரம் அதை மலைமேல் ஏற்றவும் இல்லை.

ஆனால் நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பண்டிகை நாளின் விடியற்காலை. கொட்டகை வாசலில் பிள்ளைகள் உறுமி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்-அவுட்டின் தோளில் மாலை. சாரத்தின்மேல் ஒரு பையன் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்தபடி சமிக்ஞைக்குக் காத்திருக்கிறான். இந்தக் காலத்தில் பெட்டி வருவதில்லை. படம் முன்பே கம்ப்யூட்டரில் வந்து இறங்கிவிடுகிறது. அதைத் திறக்கிற 'கீ' மாத்திரம் கடைசி நிமிஷத்தில் வரும். சென்னையில் யாருக்கோ யாரோ தரவேண்டிய பாக்கி தீராததனால் அந்தக் கீ வரவில்லை. ஐந்து மணிக் காட்சி போயிற்று, எட்டு மணிக் காட்சி போயிற்று. பதினொரு மணிக்குக் கீ வந்தபோது உறுமிக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சாரத்துப் பையன் பாலை டீக்கடையில் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தான். இரண்டு காட்சிதானே என்று நீங்கள் நினைக்கலாம். பண்டிகையின் முதல் நாள் முதல் காட்சியின் உற்சாகம், மதகு திறக்கிற நாளில் வருகிற முதல் தண்ணீரைப் போன்றது. வாய்க்காலை நனைத்து வழி உண்டாக்குவது அதுதான்.

இரண்டாவது, துணை. யார் யாரோடு சேர்ந்து திரையில் தோன்றலாம் என்பதை உரிமைப் பத்திரம் தீர்மானிக்கிறது. சோனியும் மார்வெலும் 2015-இல் கைகோத்ததனால்தான், மறு வருஷம் சிலந்தி மனிதன் மற்ற வீரர்களோடு ஒரே களத்தில் நின்றான். 2019-இல் அவனுடைய படம் 113 கோடி டாலர் ஈட்டிய சூட்டோடு சூடாக, ஆகஸ்டில் இரு கம்பெனிகளும் பங்கு விஷயத்தில் பிரிந்தன. ரசிகர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு, செப்டம்பரில் மீண்டும் கூடின. இதன் முடிவு விசித்திரமானது. இத்தனை வருஷ விவகாரத்தில் மூன்று நடிகர்கள் அந்த வேஷத்தைப் போட்டிருந்தார்களல்லவா? 2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' படத்தில் மூவரையும் ஒன்றாக நிறுத்தி, பங்காளிச் சண்டையின் எச்சத்தையே கதையாக்கி, சுமார் 190 கோடி டாலர் சேர்த்துவிட்டார்கள். சண்டையினால் நஷ்டம் என்று கணித்தவர்களும், சண்டை தீர்ந்ததனால் லாபம் என்று கணித்தவர்களும், சண்டையே சரக்காகும் என்று கணிக்கவில்லை.

மூன்றாவது, நோக்கம். இதுதான் மிகவும் ஆபத்தானது. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்னும் நால்வர் கதையின் உரிமை, 1992-ஆம் வருஷ முடிவுக்குள் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால் கைநழுவிப் போய்விடும் என்ற நிலையில், சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் அவசர அவசரமாக ஒரு படம் எடுக்கப்பட்டது. அது கொட்டகையையே எட்டிப் பார்க்கவில்லை. பின்னாளில் அதே நால்வரை வைத்து ஃபாக்ஸ் 2015-இல் எடுத்த படமும் படுத்துவிட்டது. குத்தகை காலாவதியாகிவிடக்கூடாதே என்பதற்காக விதைக்கிறவன் விளைச்சலை நினைத்து விதைப்பதில்லை. ஒரு படத்தைக் கணிக்க விரும்புகிறவன் முதலில் கேட்கவேண்டியது, இது ஜனங்களுக்காக எடுக்கப்படுகிறதா, பத்திரத்துக்காக எடுக்கப்படுகிறதா என்பதைத்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் மறக்கக்கூடாது. குமுளி தாண்டினால் கேரளம். அங்கே பேசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி' 2021 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நெட்ஃபிளிக்ஸில் வெளியாயிற்று. தையற்காரனாகிய வீரனும், நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஏற்ற வில்லனும், கம்பத்திலும் கூடலூரிலும் வீட்டுக்கு வீடு கைப்பேசியில் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு இங்கே ஒரு டிக்கெட்கூடக் கிழியவில்லை. அதன் வெற்றியை எந்த டி.சி.ஆர். தாளில் எழுதுவது? பிற்பாடு, அந்த வீரனின் உலகத்தை வேறு படங்களுக்கு நீட்டிக்க முனைந்தபோது, அவனை எழுதிய கதாசிரியர்கள் எர்ணாகுளம் நீதிமன்றத்தை அணுகித் தடை பெற்றார்கள். உரிமையின் சண்டை கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையே மட்டும் நடப்பதல்ல; பெற்றவனுக்கும் வளர்த்தவனுக்கும் இடையிலும் நடக்கிறது.

வசூலைப் பற்றி மட்டும் பேசி இந்த இடத்தைக் கடந்துவிட என் மனம் ஒப்பவில்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், 1938-இல் அவன்மீதிருந்த சகல உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வழக்குகளில் தோற்று, வறுமையில் உழன்று, 1975-இல்தான் தங்கள் பெயரைப் போடவும் வருஷாந்தர உதவித்தொகை பெறவும் அவர்களுக்கு வழி பிறந்தது. நம் பண்ணைப்புரத்து இளையராஜா தம் பாட்டுக்களின் உரிமையைக் கேட்டு, 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, "எல்லாந்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்டவர்கள் நம் ஊரிலேயே உண்டு. சட்டப்படி உரிமை யாருக்கு என்பது நீதிமன்றத்தைச் சேர்ந்தது. ஆனால் கேட்பதே தவறு என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோமே, அது எதற்காக? நம் மண்ணில் பழுத்த கனியின் பெயரை இன்னொருவர் தம் கூடையில் ஒட்டி விற்கக்கூடாது என்பதற்காகத்தானே?

இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மகாவீரனின் படம் எவ்வளவு ஓடும் என்று கணிக்க வேண்டுமானால், கோர்ட் செய்தியை முதலில் படிக்காதீர்கள். ஜனங்களின் கையில் காசு இருக்கிறதா, பண்டிகை எப்போது வருகிறது, எதிரே என்ன படம் வருகிறது, நம் பிள்ளைகள் அந்த வீரனைத் தங்களில் ஒருவனாக எண்ணுகிறார்களா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு கோர்ட் செய்தியை எடுத்து, நாளும் துணையும் நோக்கமும் கெட்டிருக்கின்றனவா என்று சோதித்து, முதற்கணக்கில் வேண்டிய அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் கணக்கு மாறிவிடும்.

நான் சொன்ன அந்தக் கொட்டகைப் பெரியவர் இன்று இல்லை. அவருடைய கொட்டகையும் கல்யாண மண்டபமாகிவிட்டது. சென்ற மாதம் அங்கே ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, மார்பிலே சிலந்தி வரைந்த சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, இலையில் வைத்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டிருந்தது. பழைய பழக்கம் விடவில்லை, "தம்பி, இது யாரு படம்?" என்று அந்தச் சட்டையைக் காட்டிக் கேட்டேன். சோனியும் டிஸ்னியும் பத்து வக்கீல்களை வைத்தும் தீர்க்க முடியாத கேள்வி அது. ஜாங்கிரி ஒட்டிய விரலை மார்பில் வைத்து, "எம் படம்" என்றது பிள்ளை.

அந்தப் பெரியவர் உயிரோடிருந்தால், இந்தப் பதிலைக் கேட்டதும் எம்.ஜி. தொகையைக் கொஞ்சம் கூட்டியே பேசியிருப்பார்.